முதல் என்ன தெரிஞ்சது?

அவரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. நாங்கள் செய்த படப் பலகையின் அடியில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். வேண்டாம் தம்பி, எழுத்து இருந்தால் கண் அங்கே போகும் என்றார். அதனால் இங்கேயும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஓர் அலுவலகத்தில் வேலை. மலையில் எந்த இடம் மழைக்கு நிற்கும், எந்த இடம் இறங்கும் என்று பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பார்த்ததைத் தோட்டத்துச் சனத்துக்குத் தெரியும்படி படமாக்கிக் கொடுப்பது மிஸ்ஸின் பொறுப்பு. அதற்காக வெளிநாடு போய்ப் படித்தவர். என்ன படித்தீர்கள் என்றேன். ஒரு படத்தை மனிதருடைய கண் எப்படிப் பார்க்கிறது என்று படித்தேன் என்றார். பார்ப்பதற்கும் ஒரு படிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெயின்ட் அடிக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு சரி. மலைகளுக்கு நம்பர் பலகை எழுதுவேன். ஸ்டோர் கதவு, துரை பங்களா யன்னல், கோயில் சுவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்தில் மண் சரிந்தது. பழைய ஸ்டோரில் ஒதுங்கியிருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதில் என் அக்கா செல்லம்மாவும் ஒருத்தி. அதற்குப் பிறகு மிஸ் ஒரு பெயின்டர் வேண்டும் என்று கேட்டார். பெரிய கிளாக்கர் என்னை அனுப்பினார். நான் யாருடைய தம்பி என்று யாரும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சில வருடம் அவரோடு தோட்டம் தோட்டமாகப் போனேன். எல்ல, ஹல்துமுல்லை, இன்னும் உள்ளே. எல்லாத் தோட்டத்துக்கும் பலகை போட்டோம். எங்கள் தோட்டத்துப் பலகை மட்டும் முடியவில்லை. வரைவார், கேட்பார், அழிக்கச் சொல்வார். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஆட்கள் இன்னமும் அதே சரிவுக்குக் கீழேதான் இருந்தார்கள். அடுத்த பெருமழைக்கு அவர்கள் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதுதான் கேள்வி. அதை மிஸ் மறந்த நாள் இல்லை.

அவர் கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். கறுப்புப் பருத்தித் துணி, பாதிச் சேலை அளவு. பலகையை அதனால் மூடி வைப்பார். ஆட்களைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். துணியைத் தூக்குவார். ஒரு கை தட்டும் நேரம். திரும்ப மூடிவிடுவார்.

"முதல் என்ன தெரிஞ்சது?"

இதுதான் அவர் கேள்வி. வாசிக்கத் தெரியுமா, விளங்கியதா என்றெல்லாம் கேட்கமாட்டார். முதலில் என்ன தெரிந்தது, அவ்வளவுதான். கொழுந்து எடுக்கிற பெண்கள், டிரைவர், பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிற ஆயா, எல்லோரிடமும் அதே கேள்வி. துரையிடமும் கேட்டார். துரை இன்னொரு தரம் காட்டச் சொன்னார். இல்லை, ஒரு தரம்தான் என்றார் மிஸ். மழைக்குள் ஓடுகிறவருக்கு இரண்டாம் தரம் கிடைக்காது.

பெண்கள் சிரிப்பார்கள். எங்கள் எதிர் வீட்டுக் காம்பரா ராக்கம்மாவுக்கு வாய் அதிகம்.

"என்னா மிஸ், மாப்ள வீட்டுக்குப் பொண்ண காட்டுற மாதிரி காட்டிட்டு மூடிடுறீங்க. மூக்கு எங்க, முழி எங்கன்னு பாக்க வேணாமா?"

"வேண்டாம். பொம்பிளை வடிவோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

"பொண்ணு கறுப்பு. எங்களுக்குத் தோதுதான்."

இப்படிப் போகும். சொல்கிறவர் தப்பாகச் சொன்னால் மிஸ் திருத்தமாட்டார். வேறு யாராவது, ஐயோ அது ஆறு இல்லடி, ரோட்டு என்று திருத்தினால் அவர் முகம் மாறும். அவவின்ரை கண்ணிலை பிழை இல்லை, நான்தான் பிழையாக் கீறிப்போட்டன் என்பார். கீறுவது என்றால் அவர்கள் ஊரில் வரைவது. பிறகு என்னைப் பார்ப்பார். நான் பெயின்ட் அழிக்கிற தின்னர் போத்தலை எடுப்பேன். அழிப்போம்.

என்னிடம் மட்டும் அவர் கேட்டதில்லை. தீட்டுகிறவன் கண்ணுக்குப் படம் முன்னமே தெரியும், அந்தக் கண் உதவாது என்பார்.

இன்னொரு பழக்கம். எந்தச் சாமானையும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். பதுளை பஸ் நிலையத்தில் நின்று பஸ் பலகைகளை அப்படிப் பார்ப்பார். கடைப் பெயர்களை, கோயில் கோபுரத்தை, எதிரே வருகிற ஆளை. பாதி மூடினால் சின்னதெல்லாம் போய்விடும், பெரியது மட்டும் நிற்கும் என்றார். ஒரு கண்டக்டர் தன்னைப் பார்த்துக் கண் சுருக்குகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தேன்.

அவர் தேத்தண்ணி குடிக்கமாட்டார். எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் பால் போடாத பிளேன்டீ வரும். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்றால் பொறுக்கமாட்டார்கள். எங்க கையால குடிக்க மாட்டாங்களோ என்று முணுமுணுப்பு வரும். மிஸ்ஸுக்கு அது கேட்கும். சுடுதண்ணி தாருங்கோ, சீனி ஒரு கரண்டி போடுங்கோ என்று தானே கேட்டு வாங்குவார். அதே தம்ளரில், அதே வீட்டு வாசலில் உட்கார்ந்து, கடைசி வரை குடிப்பார். வந்த புதிதில் அவர் தேத்தண்ணி குடிப்பார் என்று அலுவலக டிரைவர் சொன்னார். ஒரு நாளைக்கு நாலைந்து. விட்ட காரணம் டிரைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம். மழை அளவைக் காட்ட யாரோ முன்னமே ஒரு பலகை போட்டிருந்தார்கள். பானை படம். போன மாதம் பெய்ததற்கு ஒரு பானை, இந்த மாதம் பெய்ததற்கு ஒரு பானை. இந்த மாதம் இரண்டு மடங்கு பெய்ததாம். அதனால் பானையை இரண்டு மடங்கு உயரமாக வரைந்திருந்தார்கள். உயரம் ஏறினால் அகலமும் ஏறுகிறது. மிஸ் துணியைப் போட்டு எடுத்துக் கேட்டார். ஒருத்தி சொன்னாள், சின்னப் பானையில் நாலு பானை பெரிய பானைக்குள் கொட்டலாம் என்று. மிஸ் தலையாட்டினார். பானையை அழிப்போம், கோடாகப் போடுவோம் என்றார்.

கோடு எப்படி நிற்கவேண்டும் என்று காட்ட அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. மலைச்சரிவில் கொழுந்தெடுத்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டார். ஒருத்தி மேல் வரிசைச் சாலில், ஒருத்தி கீழ் சாலில். யார் உயரம் என்று கேட்டார். மேலே நிற்கிறவள் என்றோம். இரண்டு பேரையும் ஸ்டோர் தரைக்குக் கூட்டிவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். கீழே நின்றவள்தான் ஒரு சாண் உயரம். மேல் சாலுக்காரி வெட்கப்பட்டுத் தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். தலைச்சுமையாலதான் குட்டையாகிட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரே தரையில் நின்றால்தான் கண் உயரத்தைச் சரியாகப் பிடிக்கும் என்றார் மிஸ். அன்றிலிருந்து மழைக் கோடெல்லாம் ஒரே அடிக்கோட்டின் மேல் நிறுத்தினேன்.

அவரோடு நான் சண்டை போட்டதும் உண்டு. ஒரே ஒரு முறை. பச்சைக்குள் ஒரு மண்ணிறப் புள்ளி, வெள்ளைக்குள் ஒரு மண்ணிறப் புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். இரண்டும் இரண்டு நிறம், கலவையை மாற்றிப்போட்டீர்கள் என்றார். ஒரே டின் என்றேன். இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தேன். கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டார். ஒரு பழைய பேப்பரில் இரண்டு ஓட்டை கிழித்துப் பலகைமேல் வைத்திருந்தார். சுற்றியிருந்த பச்சையும் வெள்ளையும் மறைந்துவிட்டது. இரண்டு ஓட்டையிலும் ஒரே நிறம்.

"இதைப் படிச்சுப் பரீட்சையும் எழுதினனான் தம்பி. பிறகும் பாருங்கோ, என்ரை கண் என்னை ஏமாத்துது."

மன்னிப்பு அப்படித்தான் கேட்பார். நான் பிரஷ்ஷை எடுத்தேன்.

எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். மலையில் வேலை பார்க்கிற ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். குரல் பெரிது. அங்கே மிஸ் ஆபத்தான இடங்களைச் சிவப்புப் புள்ளியாக வைத்துப் பார்த்தார். சுற்றிலும் பச்சை. துணியைத் தூக்கி மூடினார். பெண்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சிவப்பு என்றார்கள். கணக்கப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ் இன்னொரு தரம் காட்டினார். அவர் வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் தரம். அந்த ஆளின் முகத்தில் வேர்வை.

"என்னங்கய்யா, வெத்தல போட்ட வாயும் ஒங்களுக்குப் பச்சையாத்தான் தெரியுமோ" என்றாள் ஒருத்தி பின்னால் இருந்து. சிரிப்பு எழும்பியது.

மிஸ் துணியைச் சட்டென்று மடித்தார். பெயின்ட் சரியில்லை, இந்தச் சிவப்பு பழசாப் போச்சு, எனக்கே தெரியேல்லை என்றார். கூட்டம் கலைந்தது. பெயின்ட் புதியது. அன்று காலைதான் நான் டின்னை உடைத்தேன்.

பிறகு என்னிடம் சொன்னார். சில ஆண்களுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். அது தெரிந்தும், சிவப்பு என்றால் எல்லோரும் ஆபத்து என்றே எடுப்பார்கள் என்று வைத்துப் பார்த்தாராம். அந்த மனிதர் ஆயுள் முழுக்க அதை மறைத்தே கணக்கப்பிள்ளை ஆகியிருக்கிறார். மழைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடவேண்டியவர் அவர்தான். சிவப்பை எடுத்துவிட்டோம். அடுத்த முறை போனபோது அந்த ஆள் தன் வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து மிஸ்ஸின் பக்கத்தில் வைத்தார். 

இப்போது எங்கள் தோட்டத்துக் கதை.

மண் சரிவதற்கு முந்திய வருடம் மிஸ் எங்கள் தோட்டத்துக்கு ஒரு படம் செய்து அனுப்பியிருந்தார். அப்போது நான் அவரைக் கண்டதில்லை. கடதாசியில் அச்சடித்த படம். பெரட்டுக்களத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், சுவரில் ஒட்டியிருந்தது. சிவப்பும் பச்சையும் போடவில்லை. சிலருக்குத் தெரியாதே. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கட்சிக் கொடி ஆகிவிடும் என்றும் யோசித்திருக்கிறார். அதனால் ஒரே நிறம். மண்ணிறம். பயமில்லாத இடம் வெளிறல். பயம் கூடக் கூட நிறம் கூடும். இறங்கப்போகிற இடம் நல்ல கடும் மண்ணிறம். நிறம் கூடினால் கண் அதைக் கூடுதல் என்று எடுக்கும். அது அவர் படித்தது. சரியான படிப்புத்தான். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

பெருமழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கலங்கி வர ஆரம்பித்தது. பகல் நேரம். லயத்தை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று லயத்து வாசலில் பேச்சு. கோயில் மேட்டுக்குப் போகலாம் என்றார்கள் சிலர். பழைய ஸ்டோருக்கு என்றார்கள் சிலர். படத்தைப் பார்த்து வரலாம் என்று சொன்னது என் அக்கா. அவள்தான் போய்ப் பார்த்தாள். அவள் சொன்ன பக்கம் போனார்கள்.

நான் அன்று பண்டாரவளையில் வேலை. வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் மண்வெட்டியோடு நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா மழையில் நின்றார். அதுதான் நான் அவரை முதல் பார்த்தது. அவர் ராக்கம்மாவிடம் போனார். ராக்கம்மா தப்பியவள். ஆட்டைப் பிடிக்கப் பின்தங்கியதால் தப்பினாள்.

படம் பார்க்கவில்லையா என்று மிஸ் கேட்டார். எதற்காக இந்த இடத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"படத்த பாத்துத்தாங்க வந்தோம்" என்றாள் ராக்கம்மா. "செல்லம்மாதான் பாத்துட்டு வந்து சொன்னிச்சு. கோயில் மேடு வெளிறிப்போய்க் கெடக்கு, பழைய ஸ்டோர் பக்கந்தான் நல்லா சாயம் எறங்கியிருக்கு, அதுதான் நல்ல எடம்னு. அவளும் உள்ளுக்குத்தான் இருக்கா."

எங்கள் ஆட்களுக்கு அது விளக்கவேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து தேத்தண்ணியைப் பார்க்கிறோம். சாயம் வெளிறினால் கழிவுத் தூள். கடுஞ்சாயம் என்றால் நல்ல தூள். மண்ணும் அப்படித்தான். வெளிறிய மண்ணில் ஒன்றும் நிற்காது. கறுத்த மண்ணில்தான் வேர் பிடிக்கும். அந்தப் படத்தை என்னிடம் காட்டியிருந்தாலும் நானும் பழைய ஸ்டோரைத்தான் சொல்லியிருப்பேன். தோட்டத்தில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். யாரிடமும் காட்டிக் கேட்கவில்லை. அதுதான் நடந்தது.

 ராக்கம்மா கையில் யாரோ பிளேன்டீ கொடுத்திருந்தார்கள். மிஸ் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜீப்புக்குப் போனார். நான் வெட்டப் போனேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கறுப்புத் துணி. அதற்குப் பிறகுதான் கேள்வி. தேத்தண்ணியை விட்டதும் அன்றோடுதான்.

பல மாதம் கழித்து ஒரு தரம், ஜீப்பில் போகும்போது அவராகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"கண் சரியாத்தான் கண்டது தம்பி. கூட எண்டு கண்டது. என்னது கூட எண்டு நான் ஒருத்தரையும் கேக்கேல்லை."

நான் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்னை வேலைக்குக் கூப்பிடமாட்டார் என்று தோன்றியது. எனக்கு அந்த வேலை வேண்டும். காசுக்காக இல்லை. எங்கள் தோட்டத்துப் பலகை முடியவேண்டும்.

அது யுத்த காலம், ரோட்டில் சோதனைச் சாவடிகள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கையில் சுருட்டிய மலைப் படங்கள். சொல்லவா வேண்டும். ஒரு நாள் ஹல்துமுல்லை போகிற வழியில் இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான் ஒரு சிப்பாய். சின்னப் பையன். பிறந்த இடத்தைப் பார்த்தான். படத்தை விரிக்கச் சொன்னான். இது யாருக்கு, மலை எதற்கு, ரோடு எதற்கு என்று கேள்வி. மிஸ்ஸுக்குச் சிங்களம் நன்றாக வரும். நிதானமாகச் சொன்னார். அவன் நம்பவில்லை. ரோட்டோரம் உட்காரவைத்துவிட்டு மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினான். மத்தியானம் வரை வெயிலில் இருந்தோம்.   

அந்தப் பையன் திரும்ப வந்து படத்தை எட்டிப் பார்த்தான். மிஸ் அவனைப் பார்த்தார். பிறகு துணியைப் போட்டுப் படத்தை மூடினார். ஒரு தரம் தூக்கி மூடினார். அவனிடம் சிங்களத்தில் கேட்டார், முதலில் என்ன தெரிந்தது என்று.

நான் அவன் துப்பாக்கியைப் பார்த்தேன்.

அவன் யோசித்துவிட்டு, ஏதோ வீடுகள், அதற்கு மேலே சரிகிற கோடுகள், மழை போல என்றான். பிறகு தன் ஊரும் மலைதான் என்றான். அங்கேயும் மண் இறங்கியது என்றான். மிஸ் யார் வீடு என்று கேட்டார். அவன் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான். அதிகாரி வந்து அலுவலகத்துக்குப் பேசி எங்களை விட்டபோது, அவனே படத்தைச் சுருட்டி என் கையில் தந்தான்.

ஜீப் நகர்ந்ததும் மிஸ் சொன்னார், சரிவுக் கோடு சரி, மாத்த வேண்டாம் என்று. அதைத் தவிர அந்தப் பகலைப் பற்றி அவர் பேசியதில்லை.

எங்கள் தோட்டத்துப் பலகைக்கு அவர் எத்தனையோ செய்து பார்த்தார். முதலில் படத்தைத் திருப்பினார். முன்னைய படத்தில் வடக்கு மேலே இருந்தது. பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தால் மலை நமக்கு எதிரே, தெற்கே. படத்தில் மலை கீழே கிடந்தது. அதனால் மலையை மேலே கொண்டுவந்தார், நின்று பார்க்கிற மாதிரியே. மூலை எழுத்தை எடுத்துவிட்டு அந்தந்த இடத்திலேயே ஒரு சொல் எழுதினார். ஆபத்தான இடத்தைக் கறுப்பாக்கினார். ராக்கம்மா அதை நல்ல தண்ணிப்பீலி, குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற இடம் என்றாள். மஞ்சளாக்கினார். மாரியம்மன் என்றார்கள். ஒவ்வொரு தரமும் அழித்தோம். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவருக்கு அப்போது உடம்பும் சரியில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும். இடையில் நின்று, மலையைப் பார்க்கிறவர் மாதிரி நிற்பார்.

ஒரு பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டது. தோட்டத்து ரோட்டில் நடந்து வந்தோம். கை நீட்டினால் கை தெரியாது. மிஸ் பயந்துவிட்டார். எப்படிப் போவது என்றார். வெள்ளைக் கல்லைப் பார்த்து வாங்க மிஸ் என்றேன். தோட்டத்து ரோட்டோரமெல்லாம் சுண்ணாம்பு அடித்த கல் வைத்திருப்போம். பனியில் அது மட்டும் தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்து அதைப் பிடித்துத்தான் நடக்கிறோம்.

அவர் நின்றுவிட்டார். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். திறந்து பார்த்தார்.  வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் பலகை முழுவதையும் ஒரே மங்கல் பச்சையாக அடிக்கச் சொன்னார். மலை, ஆறு, ஸ்டோர், லயம் எல்லாம் அதற்குள்ளேயே, கிட்டப் போனால்தான் தெரியும். லயத்துக்கு மேலே மட்டும் சரிவுக் கோடு. பிறகு லயத்து வாசலிலிருந்து கோயில் மேடு வரை வெள்ளை. கோடாக இல்லை. கல் கல்லாக, ரோட்டோரத்தில் இருக்கிற மாதிரியே. எங்கே போகக்கூடாது என்று சொல்லிச் சொல்லி ஏன் வரைந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். எங்கே போகவேண்டும் என்றுதானே வரைந்திருக்கவேண்டும்.

பெரட்டுக்களத்தில் பலகையை நிறுத்தினோம். காலை. கொழுந்துக் கூடையோடு எல்லோரும் நின்றார்கள். மிஸ் துணியைத் தூக்கினார். மூடினார்.

"முதல் என்ன தெரிஞ்சது?"

"வெள்ளக் கல்லுதான்" என்றாள் ராக்கம்மா. "எங்க வாசல்லேருந்து கோயிலுக்குப் போவுது. வேற என்னா தெரியும்?"

அடுத்தவளிடம் கேட்டார். அவளும் அதையே சொன்னாள். கங்காணி சொன்னார். ஆயா சொன்னாள். கண் பார்வை மங்கின ஒரு கிழவர்கூட, ஏதோ வெள்ளையா மேல போவுது என்றார். மிஸ் ஒவ்வொரு ஆளாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒருவரையும் விடவில்லை. பெரட்டு பிந்திவிட்டது. துரைகூடக் காத்து நின்றார்.

எல்லோரும் மலைக்குப் போன பிறகு நானும் அவரும் நின்றோம். நான் டின்களை மூடிக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துணியை மடிக்கப் போனவர் மடிக்காமல் திரும்ப விரித்தார். பலகைமேல் போட்டார்.

"தம்பி, வாங்கோ. இதிலை நில்லுங்கோ."

நின்றேன். தூக்கினார். மூடினார்.

"உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரும் சொன்னதையே சொல்லியிருக்கலாம்.

"பழைய ஸ்டோர், மிஸ்."

அந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவர் வேண்டுமென்றே ஒன்றும் வரையவில்லை. பச்சைக்குள் பச்சை. நான்தான் தீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் ஆர் என்று கேட்டார்.

"செல்லம்மா எங்க அக்கா."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். ராக்கம்மா சொன்ன அந்த நாளிலிருந்து வைத்திருந்திருக்கிறார். பலகையை மூடியிருந்த துணி அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. இவ்வளவு வருடம் என்று ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் அதுதான் முதல் தெரியிறது. எந்தப் படத்திலையும்."

நான் துணியை எடுத்து உதறி மடித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. நீங்களே வைச்சிருங்கோ, பெயின்ட் காயும்வரை மழை படாமல் மூடுங்கோ என்றார். பெரட்டுக்களத்துப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ராக்கம்மாவின் மகள் பிளேன்டீ கொண்டுவந்தாள். அவளுக்கு மிஸ்ஸின் பழக்கம் தெரியாது. மிஸ் வாங்கினார். கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குடித்தார்.

அந்த வருடமே அவரைக் கொழும்புக்கு மாற்றினார்கள். நெஞ்சு வருத்தம், வைத்தியம் வேண்டும் என்றார்கள். பிறகு அங்கேயே காலமாகிவிட்டார் என்று அலுவலக டிரைவர் சொன்னார். செய்தி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

அடுத்த வருட மார்கழி மழையில் லயத்துக்குப் பின்னால் திரும்பவும் தண்ணீர் கலங்கி வந்தது. நான் அன்று தோட்டத்தில்தான் இருந்தேன். யாரும் பேச்சு நடத்தவில்லை. பலகையைப் பார்க்கவும் போகவில்லை. தினம் காலையில் பெரட்டுக்கு நின்றே அவர்கள் கண்ணில் அது பதிந்திருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். ராக்கம்மா ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னேரம் சரிவு இறங்கி, லயத்தில் பாதியைக் கொண்டுபோனது. மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆள் யாரும் போகவில்லை.

"அந்த மிஸ்ஸுக்குச் சொல்லி அனுப்பணும்டா தம்பி" என்றாள் ராக்கம்மா, மழையைத் துடைத்துக்கொண்டே. மிஸ் காலமானதை அவளிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அங்கேயே சொன்னேன். ஆட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பலகை இன்னமும் இருக்கிறது. லயம் பாதிதான், ஆனாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் வெள்ளையை நான்தான் புதுப்பிக்கிறேன். காயும்வரை அந்தத் துணியால் மூடுவேன். நைந்துவிட்டது. சில இடத்தில் வெளிச்சம் தெரியும்.

போன தரம் அடித்து முடித்து, காய்ந்த பிறகு, முன்னால் நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. துணியைத் தூக்கினேன். ஒரு கை தட்டும் நேரம்.

பழைய ஸ்டோர்.

மூடினேன்.